காகிதம் எல்லை கடக்கலாம். பெட்டி கடக்க வேண்டுமா?

திருமலைக்கு ஏறும் வண்டிகள் எல்லாம் அலிபிரி சோதனைச் சாவடியில் நின்றுதான் மேலே போகின்றன. மதுவையும் புகையிலையையும் தேடி வந்த அந்தச் சாவடியில், 2022 ஜூன் 1 முதல் பிளாஸ்டிக்கையும் தேடுகிறார்கள். அன்றுதான் திருமலை திருப்பதி தேவஸ்தானம் மலைமேல் பிளாஸ்டிக்கை முழுமையாகத் தடை செய்தது. சரியாக ஒரு மாதம் கழித்து, ஜூலை 1 அன்று, ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றுக்கு நாடு முழுவதும் ஒன்றிய அரசின் தடை வந்தது. அடுத்தடுத்து வந்த இந்த இரண்டு உத்தரவுகளும் அடிவாரத்து வணிகரின் முன் ஒரு கேள்வியை வைத்தன: இனி எதில் கட்டிக் கொடுப்பது?

காகிதத்தில்தான் என்பது எளிய விடை. எந்தக் காகிதம், எங்கிருந்து, என்ன விலைக்கு என்பது எளிதல்ல. நேபாளத்தில் கைக்காகிதம் அழகாக இருக்கிறது, சீனாவில் பெட்டி மலிவு, இலங்கை பக்கத்திலேயே இருக்கிறது என்று ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். அண்டை நாட்டிலிருந்து காகிதப் பொதிகளைத் தருவிப்பது திருப்பதி, சித்தூர் வட்டாரத்துச் சிறு வணிகருக்குக் கட்டுபடியாகுமா என்பதைத் தேவை, சரக்கு, வரி, கப்பல் கூலி, உணவுப் பாதுகாப்பு என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மலையடிவாரத்தின் தேவை

தேவை ஒரே மாதிரியானது அல்ல. திருமலையில் நாளொன்றுக்கு மூன்று லட்சத்துக்கும் மேல் லட்டுகள் தயாராகின்றன. சிறிய லட்டு ஒன்றின் எடை சுமார் 175 கிராம். அதில் நெய் அதிகம் என்பதால் சாதாரணக் காகிதத்தில் வைத்தால் சில மணி நேரத்தில் ஊறிவிடும். பிளாஸ்டிக் உறைக்கு மாற்றாகத் தேவஸ்தானம் சணல் பையையும் அட்டைப் பெட்டியையும் கொண்டுவந்தது. 2021 ஆகஸ்டில், பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டி.ஆர்.டி.ஓ. உருவாக்கிய மக்கும் பைக்குத் திருமலையில் தனி விற்பனை நிலையம் திறக்கப்பட்டது. மக்காச்சோள மாவுச்சத்தால் ஆன அந்தப் பை 90 நாளில் மக்கும் என்று அறிவித்தார்கள்.

தேவஸ்தானத்துக்கு வெளியே இருப்பவர்களின் தேவை வேறு. இனிப்புக் கடைக்கு அரைக் கிலோ, ஒரு கிலோ பெட்டி வேண்டும். சிற்றுண்டிக் கடைக்குப் பார்சல் பெட்டியும் காகிதக் குவளையும். மாதவமாலையில் செதுக்கும் மரச்சிற்பங்களுக்கும் ஸ்ரீகாளஹஸ்தி கலம்காரித் துணிகளுக்கும் பரிசுப் பெட்டி. சித்தூரின் மாம்பழக்கூழ் ஆலைகளுக்கு டின்களை அடுக்கும் கனத்த நெளி அட்டைப் பெட்டி. முதல் இரண்டும் உணவைத் தொடுபவை. மூன்றாவதில் தோற்றம் முக்கியம், நான்காவதில் வலிமை. இந்த நான்கையும் ஒரே தராசில் நிறுத்து ‘இறக்குமதி மலிவா’ என்று கேட்பதில்தான் பெரும்பாலான தவறான முடிவுகள் தொடங்குகின்றன.

அண்டை நாடுகளிடம் என்ன இருக்கிறது

நேபாளத்திடம் இருப்பது லோக்தா. இமயமலைச் சரிவுகளில் வளரும் ஒரு புதரின் உள்பட்டையைக் கொதிக்கவைத்து, இடித்து, சட்டத்தில் ஊற்றி வெயிலில் உலர்த்தும் கைக்காகிதம் அது. வேரை விட்டு வெட்டினால் சில ஆண்டுகளில் மீண்டும் தழைத்துவிடும். பூச்சி எளிதில் அரிக்காது, நெடுநாள் கெடாது என்பதால் அந்நாட்டு அரசு ஆவணங்களே இதில் எழுதப்பட்டன. மரச்சிற்பத்துக்கோ கலம்காரிக்கோ உறையாக இதைவிடப் பொருத்தமானது குறைவு. நேபாள வணிக ஒப்பந்தப்படி, அந்நாட்டில் போதிய மதிப்புக் கூட்டப்பட்ட பொருள்களுக்கு அடிப்படைச் சுங்கவரி கிடையாது. எடை குறைவு, மதிப்பு அதிகம். ஆகவே தொலைதூர லாரிக் கூலியைக்கூட இந்தச் சரக்கு தாங்கும். ஆனால் லட்டுக்கும் பார்சலுக்கும் இது ஆகாது.

வங்கதேசத்தின் பலம் சணல். காகிதத்துக்கு மாற்றாகச் சணல் பையை நினைப்பவர் முதலில் அந்த நாட்டைத்தான் நினைப்பார். ஆனால் 2017 ஜனவரியிலேயே அங்கிருந்தும் நேபாளத்திலிருந்தும் வரும் சணல் பொருள்களுக்கு இந்தியா பொருள்குவிப்புத் தடுப்பு வரி விதித்தது. 2025-ல் வங்கதேசச் சணல் பொருள்கள் தரைவழியாக வருவதும் நிறுத்தப்பட்டது. மும்பை அருகே உள்ள நவசேவா துறைமுகம் மட்டுமே வழி என்றானது. கொல்கத்தாவுக்கு அடுத்த வீட்டுச் சரக்கு, தீபகற்பத்தையே சுற்றி அரபிக் கடலில் இறங்க வேண்டிய நிலை. அண்மை என்பது வரைபடத்தில் மட்டும் இருந்தால் போதாது என்பதற்கு இது நல்ல சான்று.

இலங்கை நமக்கு மிக அருகில் இருக்கிறது. 1998 டிசம்பரில் கையெழுத்தாகி 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த தடையற்ற வணிக ஒப்பந்தமும் இருக்கிறது. ஆனால் காகிதம் அங்கே போதிய அளவு இல்லை. மட்டக்களப்பு மாவட்டத்தின் வாழைச்சேனையில் 1950-களில் தொடங்கிய காகித ஆலை வைக்கோலைக் கூழாக்கிக் காகிதம் செய்தது. தமிழர் பகுதியின் பெருமையாக விளங்கியது. பின்னர் போராலும் நட்டத்தாலும் நலிந்தது. காகிதத்துக்கு வெளிநாட்டையே நம்பியதன் விலையை 2022 மார்ச்சில் அந்நாடு கொடுத்தது. அந்நியச் செலாவணி இல்லாமல் தாளும் மையும் வாங்க முடியாமல், மேல் மாகாணத்தில் பள்ளித் தேர்வுகளே தள்ளிவைக்கப்பட்டன. இலங்கையில் செய்த பெட்டியை வாங்கினால், வேறொரு நாட்டுக் காகிதம் கொழும்பில் மடிக்கப்பட்டு நம்மிடம் வருகிறது என்றே பெரும்பாலும் பொருள். ஒப்பந்தச் சலுகைக்கு 35 விழுக்காடு உள்நாட்டு மதிப்புக் கூட்டலும், நான்கு இலக்கச் சுங்கத் தலைப்பு மாற்றமும் காட்ட வேண்டும். மூலப்பொருளே வெளியிலிருந்து வரும்போது இது சுலபமல்ல.

சீனாவிடம் எல்லாமே உண்டு: பூச்சு அட்டை, எண்ணெய் தாங்கும் தாள், குவளைக்கான அட்டை, அவற்றை மடிக்கும் இயந்திரம். கடல் எல்லையால் நமக்கு அண்டை நாடான இந்தோனேசியாவிடம் தோட்ட மரக்கூழில் செய்த வெண்மையான புது அட்டை ஏராளம். 2010 ஜனவரியில் தொடங்கிய ஆசியான் ஒப்பந்தத்தின் வழியே இந்தோனேசிய அட்டைக்குச் சுங்கச் சலுகையும் கிடைக்கிறது. இந்தியக் காகித ஆலைகள் சங்கத்தின் கணக்குப்படி 2023–24-ல் நாட்டின் காகித, அட்டை இறக்குமதி 34 விழுக்காடு உயர்ந்து 19.3 லட்சம் டன்னானது. இந்த வெள்ளத்துக்கு அணை போடத்தான் 2025 ஆகஸ்டில் ஒன்றிய அரசு, புதுக்கூழில் செய்த பல அடுக்கு அட்டைக்குக் குறைந்தபட்ச இறக்குமதி விலை நிர்ணயித்தது. டன்னுக்கு 67,220 ரூபாய்க்குக் கீழே வரக்கூடாது, 2026 மார்ச் 31 வரை இது செல்லும் என்றது அந்த அறிவிப்பு. இனிப்புப் பெட்டிக்கும் மருந்துப் பெட்டிக்கும் உகந்த அட்டை இதுதான். மலிவு என்று நினைத்து ஆர்டர் போட்ட பிறகு இப்படி ஓர் அறிவிப்பு வந்தால், சிறு வணிகரின் ஓராண்டு லாபம் போய்விடும்.

சுங்கமும் சட்டமும்

இறக்குமதிக்கு முதல் படி ஐ.இ.சி. எனப்படும் ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண். வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்ககத்தின் தளத்தில் பான் எண்ணைக் கொண்டு இதைப் பெறலாம். அடுத்து, சரக்குக்குச் சரியான எச்.எஸ். எனப்படும் சுங்க வகைக் குறியீடு. மடித்த பெட்டியும் பையும் 4819-ல் வரும். பூச்சில்லாத கிராஃப்ட் ரீல், அதாவது பெட்டி செய்யும் கனத்த காகிதச் சுருள், 4804-ல். களிமண் பூச்சு அட்டை 4810-ல். பிளாஸ்டிக் பூசிய குவளை அட்டை 4811-ல். குறியீடு தவறினால் வரி வித்தியாசத்தோடு அபராதமும் சேரும்.

2022 அக்டோபர் 1 முதல் காகிதத்துக்கென்று தனியாக ஒரு முன்பதிவு முறையும் உண்டு. சுங்க அட்டவணையில் காகிதத்துக்குரிய 48-ஆம் அத்தியாயத்தின் 201 வரிசைகள் இதில் அடங்கும். சரக்கு துறைமுகம் சேர்வதற்கு 75 நாளுக்கு முன்பிருந்து 5 நாளுக்கு முன்புவரை இணையத்தில் பதிந்து எண் வாங்க வேண்டும். கட்டணம் 500 ரூபாய்தான். ஆனால் அந்த எண் இல்லாமல் சரக்கு வெளியே வராது. கன்டெய்னர் துறைமுகத்தில் கிடக்கும் ஒவ்வொரு நாளும் வாடகை ஏறும். சரக்கு மரப்பலகைத் தட்டில் வருகிறதென்றால், அதில் பன்னாட்டுத் தாவரப் பாதுகாப்பு விதிப்படி பதப்படுத்தியதற்கான முத்திரை இருக்க வேண்டும். காகிதம் சுத்தமாக இருந்தும் அடியில் கிடக்கும் பலகையால் சரக்கு நிறுத்தப்படுவதுண்டு.

வரிக்கு வருவோம். சலுகை இல்லாத நாட்டிலிருந்து 100 ரூபாய் மதிப்புக்குப் பெட்டி வருகிறது என்று கொள்வோம். இந்த மதிப்பில் கப்பல் கூலியும் காப்பீடும் அடக்கம். அடிப்படைச் சுங்கம் 10 ரூபாய், அதன்மேல் சமூகநலக் கூடுதல் வரி 1 ரூபாய், ஆக 111. ஜி.எஸ்.டி. இதன்மேல் விழும். 2025 செப்டம்பர் 22-ல் நடைமுறைக்கு வந்த மாற்றத்தில் அட்டைப் பெட்டிக்கான ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 விழுக்காடாக இறங்கியது. பெட்டி செய்யும் காகிதத்துக்கோ 12-லிருந்து 18 ஆக ஏறியது. அதாவது பெட்டிக்கு 5 ரூபாய் 55 காசு; அதே மதிப்பில் கிராஃப்ட் ரீலாக வந்தால் 19 ரூபாய் 98 காசு.

பார்த்த மாத்திரத்தில், பெட்டியாகவே தருவிப்பது லாபம் என்று தோன்றும். ஆனால் ஜி.எஸ்.டி. பதிவுள்ளவர் கட்டிய வரியை உள்ளீட்டு வரவாக எடுத்துக்கொள்ளலாம்; பெட்டி செய்பவர், தேங்கும் வரவைத் திரும்பக் கேட்கலாம். கையிலிருந்து போய் மீளாதது 11 ரூபாய் மட்டுமே. ஆனால் விற்றுமுதலில் ஒரு சிறு விழுக்காட்டை மட்டும் வரியாகக் கட்டும் ஜி.எஸ்.டி. தொகுப்புத் திட்டத்தில் இருக்கும் சிறு கடைக்காரருக்கு அந்த வரவும் கிடையாது. அடிவாரத்தில் பலர் அந்தத் திட்டத்தில்தான் இருக்கிறார்கள். அவர்களுக்கு இறக்குமதி வரி முழுவதும் செலவே.

ஒப்பந்தச் சலுகை கேட்பவருக்கு இன்னொரு பொறுப்பு உண்டு. 2020 செப்டம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, விற்பவர் தந்த தோற்றச் சான்றிதழ் மட்டும் போதாது. சரக்கு எங்கே, எந்த மூலப்பொருளில், எவ்வளவு மதிப்புக் கூட்டலோடு செய்யப்பட்டது என்ற விவரத்தை வாங்குபவரே வைத்திருந்து, கேட்டால் காட்ட வேண்டும். தெரியாது என்ற பதில் சலுகையை ரத்தாக்கிவிடும்.

அச்சிலும் சட்டம் உண்டு. திருப்பதி லட்டுவுக்கு 2009-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, உரிமையாளர் தேவஸ்தானம். வெளிநாட்டில் அந்தப் பெயரை அச்சடித்துப் பெட்டி தருவிப்பவரின் சரக்கைச் சுங்கத்துறையே தடுத்து வைக்கலாம். பெருமாள் படத்தைப் பெட்டியில் போடுவதையும் தவிர்ப்பது நல்லது. வாங்கிப்போகும் பக்தர் அதைக் குப்பையில் போட மனம் வராமல் தவிப்பார். கால்பட்டுக் கிடந்தால் காண்பவர் மனம் நோகும்.

கப்பல் கணக்கு

40 அடி கன்டெய்னர் சுமார் 67 கன மீட்டர் கொள்ளும். அதில் கிராஃப்ட் ரீல் ஏற்றினால் 25 டன் வரை போகும். அதே கன்டெய்னரில் மூன்று பிளை நெளி அட்டைப் பெட்டியைத் தட்டையாக மடித்து அடுக்கினால், நெளிவுக்குள் அடைபட்ட காற்றே பாதி இடத்தைப் பிடித்துக்கொள்ளும். எடையில் மூன்றில் ஒரு பங்குதான் ஏறும். கூலி கன்டெய்னருக்கே என்பதால் கிலோவுக்கான செலவு மூன்று மடங்காகிறது. உலகெங்கும் நெளி அட்டைப் பெட்டித் தொழில், பெட்டி தேவைப்படும் இடத்தின் அருகிலேயே இருப்பதற்கு இதுதான் காரணம். சித்தூர் மாம்பழக்கூழ் ஆலைக்கான பெட்டியை எந்த அண்டை நாட்டிலிருந்து கொண்டுவந்தாலும் கணக்குத் தேறாது.

நெளிவில்லாத இனிப்புப் பெட்டி வேறு வகை. அது தட்டையாக நெருக்கி அடுக்கப்படும். அதன் சிக்கல் அளவில் இருக்கிறது. 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 300 கிராம்) அட்டையில் சதுர மீட்டரில் பத்தில் ஒரு பங்கு பிடிக்கும் பெட்டியின் எடை 30 கிராம். 20 டன் ஏற்றினால் ஏறத்தாழ 6 லட்சத்து 66 ஆயிரம் பெட்டிகள். நாளுக்கு ஆயிரம் பெட்டி செலவாகும் கடைக்கு அது 22 மாதச் சரக்கு. அவ்வளவு காலம் பணம் முடங்கும். மை மங்கும். காற்றின் ஈரத்தை அட்டை உறிஞ்சும். மடிப்புக் கோட்டில் வெடிப்பு விழும். வடகிழக்குப் பருவமழையில் இந்த ஊர் என்ன பாடுபடும் என்பதை 2021 நவம்பரில் கண்டோம். திருப்பதித் தெருக்கள் வெள்ளக்காடாகி, மலையேறும் நடைபாதைகளும் மூடப்பட்டன. தரைத்தளக் கிடங்கில் இரண்டாண்டுக் காகிதத்தை அடுக்கி வைப்பது அபாயம்.

நம் பெட்டிக்குள்ளும் அயல்நாடு

இறக்குமதி வேண்டாம் என்று உள்ளூர்ப் பெட்டியை வாங்குபவரும் ஒன்றை அறிய வேண்டும். நம் கிராஃப்ட் ஆலைகள் பெரும்பாலும் பழைய காகிதத்தைக் கூழாக்கியே ஓடுகின்றன. அதில் கணிசமான பங்கு அமெரிக்காவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வரும் பழைய அட்டைப் பெட்டிகள். ஆகவே நம் பக்கத்து ஊரில் செய்த பெட்டியின் விலையும் கடலுக்கு அப்பால்தான் தீர்மானமாகிறது.

2020–21-ல் இதைப் பெட்டித் தொழில் நேரடியாக அனுபவித்தது. 2021 தொடக்கம் முதல் கழிவு இறக்குமதியைச் சீனா முற்றாக நிறுத்தியது. பழைய காகிதம் கிடைக்காத சீன ஆலைகள் இந்தியாவிலிருந்து கிராஃப்ட் ரீல்களை வாங்கத் தொடங்கின. கொரோனாக் காலத்துக் கன்டெய்னர் தட்டுப்பாடும் சேர்ந்துகொண்டது. உள்நாட்டில் கிராஃப்ட் விலை எகிறியது. ஏற்கெனவே பேசிய விலைக்குப் பெட்டி தர முடியாமல் சிறு ஆலைகள் திணறின. கிராஃப்ட் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்துமாறு பெட்டித் தயாரிப்பாளர்கள் அரசிடம் கேட்டார்கள். அண்டை நாட்டிலிருந்து நாம் வாங்காவிட்டாலும், அண்டை நாட்டின் கொள்கை நம் கடையின் பெட்டி விலையைத் தொடும்.

இதற்கு மாற்று நம் குப்பையில் இருக்கிறது. திருப்பதிக்கு நாள்தோறும் பல்லாயிரம் பக்தர்கள் வருகிறார்கள். அவர்கள் எறியும் காகிதமும் அட்டையும் உணவோடும் ஈரத்தோடும் கலக்காமல் தனியே சேர்ந்தால், அது ஆலைக்கு நேரடி மூலப்பொருள். கலந்துவிட்டால் ஆலைக்கு உதவாது.

உணவைத் தொடும் காகிதம்

விலையை விட எனக்குப் பெரிதாகப் படுவது இது. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 பொதிகட்டல் விதிகள், செய்தித்தாளில் உணவைக் கட்டுவதையும் வைப்பதையும் தடை செய்கின்றன. அச்சு மையில் உள்ள ரசாயனம் எண்ணெயோடு சேர்ந்து உணவுக்குள் இறங்கும் என்பதே காரணம். இதே ஆபத்து மறுசுழற்சி அட்டையிலும் உண்டு. பழைய அச்சுத்தாளின் கனிம எண்ணெய் கூழோடு கலந்து புதிய அட்டைக்கும் வந்துவிடும். நெய் ஊறும் இனிப்பை அதன்மேல் நேராக வைக்கக்கூடாது. இடையில் சுத்தமான தாளோ உள்ளுறையோ வேண்டும்.

எண்ணெய் தாங்கும் தாளிலும் எச்சரிக்கை தேவை. நெய்க்கறை தெரியாமல் இருக்க, சில நாடுகளில் ஃப்ளோரின் சேர்மங்களைப் பூசுகிறார்கள். இவை உடலிலும் மண்ணிலும் நெடுங்காலம் அழியாமல் தங்குபவை. டென்மார்க் 2020 ஜூலையில் உணவுக் காகிதத்தில் இவற்றைத் தடை செய்தது. அமெரிக்காவில் இந்தப் பூச்சுகளின் விற்பனை முடிவுக்கு வந்துவிட்டதாக அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் அறிவித்தது. வளர்ந்த நாடுகள் ஒதுக்கிய சரக்கு மலிவாக நம் பக்கம் திரும்பக்கூடும். அதனால் இறக்குமதி செய்பவர் கேட்டு வாங்க வேண்டிய முதல் தாள், ஃப்ளோரின் பூச்சு இல்லை என்ற ஆய்வகச் சான்று.

பிளாஸ்டிக் படலம் பூசிய குவளைக்கும் தட்டுக்கும் காகிதம் என்ற பெயர் மட்டுமே உண்டு. 2019 ஜனவரி 1-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டுத் தடைப் பட்டியலில் அவையும் இருக்கின்றன. மலையின் நலனுக்காகப் பிளாஸ்டிக்கை விட்டவர்கள், அதையே காகிதத்துக்குள் ஒளித்து மேலே அனுப்பக்கூடாது.

பக்கத்தில் இருப்பது

நமக்குக் காகிதம் இல்லாமல் இல்லை. கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்யும் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம், கரூர் ஆலையோடு நில்லாமல், 2016-ல் மணப்பாறை அருகே மொண்டிப்பட்டியில் ஆண்டுக்கு 2 லட்சம் டன் திறனுள்ள அட்டை ஆலையைத் திறந்தது. பத்ராசலத்தில் ஐ.டி.சி.யின் பெரிய அட்டை ஆலை இருக்கிறது. ராஜமகேந்திரவரத்தில் ஆந்திரா பேப்பர். அச்சுக்கும் மடிப்புக்கும் சிவகாசியின் கைத்திறன் நாடறிந்தது. சென்னைத் துறைமுகம் திருப்பதியிலிருந்து சாலைவழியில் சுமார் 140 கிலோமீட்டர் தூரத்தில் இருப்பதால், வேண்டும்போது ஒரு ரீலை வெளியிலிருந்து கொண்டுவருவதும் கடினமல்ல.

உள்ளூரில் வாங்கும்போதும் தரத்தை அளந்து வாங்கப் பழக வேண்டும். ஜி.எஸ்.எம்., பி.எஃப். எனப்படும் வெடிப்புத் தாங்குதிறன், நீரை உறிஞ்சும் காப் அளவு, ஈரப்பதம், பெட்டியின் அமுக்கத் தாங்குதிறன் ஆகியவற்றை எழுத்தில் கேட்கும் வணிகர் மிகக் குறைவு. எழுதிக் கேட்டால் பாதிப் புகார்கள் தீரும். அந்தப் பழக்கம் இல்லாதவர் வெளிநாட்டிலிருந்து தருவித்தால் சண்டை போடக்கூட எதிரில் ஆள் இருக்காது.

முடிவு

இவற்றைச் சேர்த்துப் பார்க்கும்போது விடை தெளிவாகிறது. நெளி அட்டைப் பெட்டியை எந்த நாட்டிலிருந்தும் தருவிக்க வேண்டாம். கூலியே அதைத் தின்றுவிடும். இனிப்புப் பெட்டியை மடித்த வடிவில் தருவிப்பதும் சிறு கடைக்குச் சுமை. நேபாள லோக்தாவைப் பரிசுப் பொருள் வணிகர் தாராளமாக வாங்கலாம். எடைக்கு ஏற்ற மதிப்பு அதில் உண்டு. எண்ணெய் தாங்கும் தரமான தாளும் புதுக்கூழ் அட்டையும் உள்நாட்டில் போதாதபோது, ரீலாகவோ தாளாகவோ, ஆய்வகச் சான்றோடு வரட்டும். மடிப்பும் அச்சும் இங்கேயே நடந்தால் வேலையும் இங்கே நிற்கும். கெட்டுப்போன சரக்குக்குப் பதில் சொல்லும் ஆளும் இங்கே இருப்பார்.

தனித்தனியாக ஒரு கன்டெய்னர் எடுக்க முடியாதவர்கள் கூட்டாக எடுக்கலாம். திருப்பதி, சித்தூர், ஸ்ரீகாளஹஸ்தி, வேலூர் வணிகர்கள் ஒரே அளவுப் பெட்டிகள் சிலவற்றை ஒத்துக்கொண்டு, ஒரே அட்டையை மொத்தமாக வாங்கி, சிவகாசியிலோ ஸ்ரீசிட்டி வட்டாரத்திலோ மடித்துக்கொள்ளலாம். ஒரே அளவு என்ற அந்த ஒப்புதல் மட்டும் அமைந்தால், ஒரு கடைக்கு 22 மாதம் வரும் சரக்கு ஐந்து கடைகளில் நான்கைந்து மாதத்தில் தீர்ந்துவிடும்; பேரம் பேசும் பலமும் வரும். அதற்கு வணிகர் சங்கம் ஒன்று முன்வந்து முதல் கூட்டத்தைக் கூட்டினால் போதும்.